சாவு வீட்டில் அழாதவரையும் பாருங்கள்

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் கண் தானாக அழுகிற பக்கம்தான் போகும். வட சென்னையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சந்தில் ஷாமியானா போட்டு, வீட்டுக்குள் இடம் போதாமல் ஐஸ் பெட்டியைத் தெருவிலேயே வைத்து, அதைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். வருகிறவர் எல்லோரும் நேராக அங்கேதான் போய் நிற்பார்கள். அங்கே தோள் கொடுக்க ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். துணைக்கு ஆளில்லாதவர்கள் மாடிப்படியில் இருப்பார்கள், எதிர் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள், மேளக்காரருக்குக் காசு எண்ணிக்கொண்டு நிற்பார்கள். இங்கே சொல்லப்போவது பாதிக்கு மேல் அவர்களைப் பற்றித்தான்.

கிளம்புமுன் எப்படி இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு போன் போடாதீர்கள். அவர்கள் அன்றைக்கு அதே கதையை நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லித்தான் பாதி சோர்ந்துபோகிறார்கள். நெருங்கிய உறவினர் என்றால் முதலில் செய்ய வேண்டிய உதவி இதுதான்: "எப்டி ஆச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளை வாசலில் உட்கார வைப்பது. தாய்மாமனோ சித்தப்பாவோ இருந்தால் நல்லது. விபத்து, தற்கொலை என்றால் இது கட்டாயம். அங்கே "எப்படி" என்ற கேள்வியே குற்றம் சாட்டுவதுபோல் வீட்டாருக்குக் கேட்கும்.

உள்ளே போனதும் முறைப்படி செய்வதைச் செய்யுங்கள். ஆண்கள் நீட்டும் கையைத் தொடுவது, பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவது எல்லாம் வார்த்தை வராத நேரத்துக்காகவே ஏற்பட்ட வழக்கங்கள். தொட்டபிறகு பேசியே ஆக வேண்டும் என்று இல்லை. பேசுவதானால் இறந்தவரின் உறவுமுறையைச் சொல்லி, அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். "மாமா எங்க கொழந்தைய பீச்சுக்குத் தோள்ல தூக்கினு போனாரு" என்பது போதும். "விதி", "நம்ம கையில இன்னா இருக்குது" எல்லாம் சொல்பவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கும். "கல்யாண சாவு" என்று வீட்டார் சொல்லலாம், வந்தவர் சொல்லக் கூடாது. தொண்ணூறு வயதுக் கிழவருக்கும் அறுபது வயதில் ஒரு மகள் இருப்பாள். அவளுக்கு அது அப்பா செத்த நாள்.

ஒப்பாரியை நிறுத்தாதீர்கள். "அழாதம்மா, ஒடம்பு கெட்டுடும்" என்று இழுத்துப் பிடிப்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அது உதவாது. ஒப்பாரி வைப்பவர் மூச்சை இழுத்து, அடி முடிந்ததும் விட்டு, அடுத்தவர் எடுக்கும்போது ஓய்கிறார். அதற்குள்ளேயே ஓய்வு இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் வீட்டு நிலவரமும் தெரியும். யார் மருந்து வாங்கித் தரவில்லை, எந்த மகன் பேசாமல் இருந்தான் எல்லாம் அதில் வந்துவிடும். பிற்பாடு யாருக்கு ஆறுதல் அதிகம் வேண்டும் என்பதற்கும் அதுதான் முதல் தடயம்.

நிறுத்த வேண்டியது வேறு. சுவரில் தலையை மோதுவதைத் தடுக்க, திட்டாமல், சுவருக்கும் தலைக்கும் நடுவே உள்ளங்கையையோ தலையணையையோ வையுங்கள். விரல்கள் விறைத்து மடங்குகின்றன, வாய் சுற்றி மரத்துப்போகிறது என்றால் மூச்சு வேகவேகமாக வாங்குவது காரணமாக இருக்கலாம். கூட்டத்தைவிட்டு வெளியே உட்கார வைத்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி, கூடவே நீங்களும் விடுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதுதான் எங்கேயும் நடக்கும் தவறு. படுத்தவாறே விட்டு, காலை ஒரு அடி உயரத்தில் வையுங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டால் 108.

சர்க்கரை நோயாளிகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்காத வீட்டில் அவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார்கள், அல்லது இரண்டையும் மறந்திருப்பார்கள். வேர்த்துக் கை நடுங்கி, பேச்சு குழறினால் அழுகையின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, தேறாவிட்டால் இன்னொரு முறை. தேறியதும் இட்லியோ பன்னோ சாப்பிட வையுங்கள். நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும், அழுதழுது வலிக்கிறது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பெரும் அதிர்ச்சியில் இதயத் தசை திடீரென்று பலவீனமாகும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று பொருள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. மாரடைப்பா இதுவா என்பதை ஆஸ்பத்திரியில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இனி அழாதவர்கள்.

மூத்த மகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டிக்குச் சொன்னவன் அவன், மேளத்துக்கு முன்பணம் கொடுத்தவன் அவன், மூலக்கொத்தளமா ஓட்டேரியா காசிமேடா என்று மயானத்தில் நேரம் கேட்டவன் அவன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லு மாரி நிக்கிறான் பாரு" என்று பின்னால் பேசுவார்கள். வேலை இருக்கும்வரை துக்கம் அவனிடம் வராது, வேலைகள் முடிந்த மறுநாள் வரும். இவனிடம் "எதுனா வேணும்னா சொல்லு தம்பி" என்றால் ஒன்றும் சொல்லமாட்டான். என்ன வேண்டும் என்று யோசிப்பதே அவனுக்கு இன்னொரு வேலை. ஒரு வேலையைப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்: "மயானத்து ரசீது, டாக்டர் சர்டிபிகேட் ரெண்டும் எங்கிட்ட குடு, பதிவு நான் பாத்துக்கறேன்." இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்திருந்தால் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணம் எழுதி வாங்க வேண்டும், இதை உடல் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பதிந்து வாங்கும் சான்றிதழில் பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து, பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள். வங்கி, இன்சூரன்ஸ், பென்ஷன், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மாநகராட்சி மயானங்களில் எரிப்பதற்கோ புதைப்பதற்கோ கட்டணம் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். வேலையை வாங்கிக்கொண்ட கையோடு அவனை ஐஸ் பெட்டியருகே பத்து நிமிடம் தனியாக நிற்க விடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் பெயர் இல்லாதவர்களையும் கவனியுங்கள். பேசாமல் பிரிந்து போன மகள், இரண்டாம் தாரம், கூடவே வளர்ந்த சிநேகிதன், ஹார்பர் வேலையில் முப்பது வருஷம் தோளுக்குத் தோள் நின்றவர். இவர்களுக்கு முன்வரிசையில் இடம் இல்லை, அழுதால் "இவனுக்கு இன்னா?" என்பார்கள். இரவு கானா பாடும் வீட்டில் பாடகரிடம் உறவுகளின் பெயர்ப் பட்டியல் கொடுப்பார்கள். பட்டியலில் அந்தச் சிநேகிதன் பெயரையும் சேர்த்துவிடுவது சின்ன வேலைதான், அவர் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார். இரண்டாம் தாரத்தின் பெயரை மட்டும் வீட்டாரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள், மைக்கிலேயே சண்டை வரும்.

குடிப்பவர்களுக்கு அன்றைக்கு அறிவுரை ஏறாது. வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் வெடி போடும் கூட்டத்திலிருந்து இறந்தவரின் தம்பியையும் மகனையும் தள்ளி நிறுத்த ஒரே ஒரு நிதானமான ஆள் போதும்.

பிள்ளைகளிடம் "அப்பா தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லக் கூடாது. முதலாவதைக் கேட்ட குழந்தை படுக்கப் பயப்படும். இரண்டாவதைக் கேட்டது வாசலில் காத்திருக்கும். "அப்பா செத்துட்டாரு. அவரு ஒடம்பு இனிமே வேல செய்யாது. திரும்பி வரமாட்டாரு. உன்னால ஆனது இல்ல." இதை அப்படியே சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பத்து முறை கேட்கும், பத்து முறையும் அதே பதில். நடுவில் விளையாடப் போகும், அதைக் குறையாகப் பேசாதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் சாப்பாடு, மூத்திரம், தூக்கம் பார்க்க ஒரு பெரியவர் என்று ஒதுக்குங்கள். நெய்ப்பந்தம் பிடிக்க, வாய்க்கரிசி போட, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பதினைந்து வயதுப் பையனிடம் "இனிமே நீதான் வீட்டுக்குப் பெரிய ஆம்பள" என்று சொல்பவரைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வார்த்தையோடு படிப்பை விட்டவர்கள் இந்தத் தெருக்களில் நிறைய.

கணவனை இழந்தவருக்குச் செய்யும் சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு உடைத்து, தாலி வாங்குவது சாவைவிட அதிகம் வலித்தது என்று சொல்லும் பெண்கள் உண்டு. கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஒன்றாக எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று வாதாடினால் அடி அவர்மீதுதான் விழும். முந்தின நாளே அவருடைய அண்ணனிடமோ அம்மாவிடமோ அவர் நம்பும் ஒருவர் மூலமாகப் பேசி, அவரிடமே கேட்டுச் சொல்ல வையுங்கள்: முழுதும் வேண்டாமா, வீட்டுக்குள் நாலு பேர் முன்னால் போதுமா, தானே கழற்றி வைக்கிறாரா. வேண்டும் என்று அவரே சொன்னாலும் அது அவர் முடிவு.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து வரும் உடல் என்றால், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் காத்திருப்பவர்களுக்குத் தண்ணீரும் பன்னும் கொண்டுபோங்கள், பல மணி நேரம் ஆகும். முகத்தைப் பார்க்கும் முன் என்ன தெரியும் என்று சொல்லிவிட வேண்டும்: தையல் இருக்கும், வீங்கியிருக்கும், இந்தப் பக்கம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டால் அதிர்ச்சி பாதியாகக் குறையும். பார்க்க வேண்டாம் என்று தடுப்பதும், பார்த்தே ஆக வேண்டும் என்று இழுப்பதும் வேண்டாம். உடலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுபவர்களைத் தடுங்கள்.

உடலை எடுத்தபிறகு வரும் அரை மணி நேரம் பலருக்குத் தெரியாமலே போகும். ஆண்கள் எல்லாம் மயானத்துக்கு, மேளச் சத்தம் தெருமுனையோடு போய்விடும், பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டு நிற்பார்கள். அதுவரை தாங்கியவர்கள் இங்கேதான் சரிகிறார்கள். இறந்தவரின் மனைவியோ அம்மாவோ, அவரோடு உங்களில் இரண்டு பேர் இருங்கள். தலைக்குக் குளிக்கப் போகிறவரிடம் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பசியில், வெயிலில், தலையில் தண்ணீர் விட்டதும் மயங்கி விழுவார்கள். குளித்ததும் அரை டம்ளர் கஞ்சி, ஒரு மணி நேரத்தில் இன்னொரு அரை டம்ளர். தட்டில் சோற்றைப் போட்டுச் சாப்பிடு சாப்பிடு என்பதைவிட இது இறங்கும்.

முஸ்லிம் வீடுகளில் அடக்கம் சீக்கிரம் முடிந்துவிடும், துக்கம் விசாரிப்பு மூன்று நாள். கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருப்பார், அதனால் பெண்கள் போய்ப் பார்ப்பதுதான் அவருக்குத் துணை. கிறிஸ்தவ வீட்டில் ஜெபம் நடக்கும்போது அமைதியாகப் பின்னால் நின்றால் போதும்.

பால் ஊற்றி, சாம்பலைக் கடலில் கரைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்தால் ஷாமியானாவோடு ஆட்களும் போய்விடுவார்கள். பதினேழாம் நாள் காலை அந்த வீட்டில் டீ போட எத்தனை டம்ளர் எடுப்பது என்று கை தயங்கும். போக வேண்டிய நாள் அது. இறந்தவர் வேலைவிட்டு வரும் நேரம், வண்டிச் சத்தம் கேட்கும் நேரம், அந்த நேரத்துக்குப் போனால் இன்னும் நல்லது. தெருமுனை பேனரை எப்போது எடுக்கலாம் என்று கேட்டு, எடுத்து, மடித்துக் கொடுங்கள். மழையில் கிழிந்து தொங்கும் முகத்தைத் தினம் பார்த்துக்கொண்டு பால் வாங்கப் போவது கொடுமை. அவருடைய சட்டையை, போனை, செருப்பை எடுத்துவைக்க அவசரப்படுத்தாதீர்கள்.

துக்கம் இத்தனை கட்டமாகத்தான் போகும் என்ற கணக்கு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து கட்டங்கள் சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி எழுதியவை. இழந்தவர்கள் ஒரு நாள் சிரிப்பார்கள், மறுநாள் எழுந்திருக்கமாட்டார்கள், அது பின்னடைவு ஆகாது. ஆறு மாதம் தாண்டியும் நாளின் பெரும்பகுதி அதே ஏக்கம், வேலைக்குப் போகவோ பிள்ளையைப் பார்க்கவோ முடியவில்லை என்றால் ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ காட்டலாம்.

ஒன்றை மட்டும் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒப்பாரியில் "என்னையும் இட்டுனு போயேன்" என்பது பாட்டின் அடி, எல்லோரும் பாடுவது. அதையே பத்து நாள் கழித்து அடுப்படியில், அழாமல், தணிந்த குரலில் ஒருவர் சொன்னால் அது வேறு. நகையைப் பிரித்துக் கொடுப்பது, மாத்திரையைச் சேர்த்து வைப்பது, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று விசாரிப்பதும் அப்படித்தான். நேராகக் கேளுங்கள்: "அக்கா, செத்துடலாம்னு நெனப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மருந்தையும் பூச்சிக்கொல்லியையும் வீட்டைவிட்டு வெளியே எடுங்கள், அரசு உதவி எண்களான 14416 அல்லது 104க்கு அவர் பக்கத்தில் இருந்தே போன் போடுங்கள். சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050.

சாவன்று யாரிடமும் "வரேன்" என்று சொல்லாமல் கிளம்பி வந்திருப்பீர்கள், அதுதான் வழக்கம். காரியம் முடிந்த வீட்டில் அந்தத் தடை இல்லை. கிளம்பும்போது "ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் வரேன்கா" என்று கிழமையோடு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள்.