தோட்டப் பட்டணத்தின் வடிகால் பணிக்குப் பொறியியல் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவில் பந்திங், தெலுக் இந்தான், கோல சிலாங்கூர் போன்ற கடலோரத் தோட்டப் பட்டணங்களில் செம்பனை நின்ற இடமெல்லாம் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. ஆனால் பல இடங்களில் மழைநீர் இன்னமும் தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் வெட்டிய கால்வாய்களின் வழியாகத்தான் ஓடுகிறது. அவற்றை அகலப்படுத்துவதா, புதிய வழி வெட்டுவதா, நீரைத் தேக்கி மெல்ல வெளியேற்றும் குளம் அமைப்பதா என்று ஆராய்ந்து சொல்வதற்கு நகராண்மைக் கழகம் வெளியிலிருந்து ஒரு பொறியியல் ஆலோசக நிறுவனத்தை அமர்த்துவதுண்டு. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. கழக உறுப்பினர்களை இன்று மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே நேற்றுவரை ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருந்த ஒருவர் இத்தகைய தேர்வில் கருத்துச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார். அவருக்காகவும், குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து இந்தத் தேர்வைக் கவனிக்க விரும்புவோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: நிலம் யாருடையது என்று பாருங்கள்

தோட்டப் பட்டணத்தில் இதுதான் பெரிய சிக்கல். ஒரே கால்வாய், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறம் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் தொடங்கி, கழகத்தின் பராமரிப்பில் உள்ள சாலையோரமாக வந்து, பொதுப்பணித் துறையின் கூட்டரசு சாலையைக் கடந்து, கடைசியில் வடிகால் நீர்ப்பாசனத் துறை பராமரிக்கும் பெரிய வாய்க்காலில் விழக்கூடும். தனியார் நிலத்தில் கழகம் தன் விருப்பப்படி பணத்தைச் செலவிட முடியாது. எனவே ஆலோசகரைத் தேடுவதற்கு முன்பே மாவட்ட நில அலுவலகத்தில் உரிமை விவரங்களை எடுத்து, கால்வாயின் எந்தப் பகுதி யாருடையது என்பதை வரைபடத்தில் வண்ணமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், வடிவமைப்பு முடிந்த பிறகு பாதித் திட்டம் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும்.

இரண்டாம் படி: பணி வரையறையை எழுதுங்கள்

அதிகாரிகள் ‘தெர்மா ருஜுக்கான்’ என்று சொல்லும் பணி வரையறைதான் தேர்வின் உயிர்நாடி. உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள் என்பேன். ‘கால்வாயை மேம்படுத்த வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதினால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான வேலையைக் கற்பனை செய்துகொண்டு விலை சொல்லும். அந்த விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளே இல்லை. தீர்வை நீங்களே எழுதிவிடாதீர்கள், பிரச்சினையை எழுதுங்கள். எந்த வீதியில், எத்தனை மணி நேர மழைக்குப் பிறகு, எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறுகிறது, வடிய எவ்வளவு நேரமாகிறது என்பதே ஆலோசகருக்குத் தேவையான செய்தி.

அந்தச் செய்தி அலுவலகக் கோப்பில் இருப்பதைவிட மக்களிடம்தான் அதிகம் இருக்கிறது. கடையின் இரும்புக் கதவில் சேறு படிந்து நிற்கும் கோடு, வெள்ளத்தன்று கைப்பேசியில் நேரத்தோடு பதிவான படம், மதகுக் குழாயின் வாயில் பாதி உயரம் வரை அடைந்திருக்கும் மண், அதன் குறுக்கே பிற்காலத்தில் யாரோ பதித்துவிட்டுப் போன தண்ணீர்க் குழாய் ஆகியவை எல்லாம் சான்றுகள். இவற்றைத் திரட்டி, இடம் குறித்து, பணி வரையறையோடு இணையுங்கள். அளவைப் பணியும் மண் பரிசோதனையும் ஆலோசகரின் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியே கொடுக்கப்படுமா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பின்னாளில் சச்சரவு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும்.

வடிவமைப்பு எந்த அளவுகோலைப் பின்பற்ற வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். நகர்ப்புற மழைநீருக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ கையேடு இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பும் வந்திருக்கிறது. நீரை விரைவாகக் கீழே தள்ளிவிடுவதை விட, விழுந்த இடத்துக்கு அருகிலேயே தேக்கிக் கட்டுப்படுத்துவது அதன் அடிப்படை நோக்கம்.

மூன்றாம் படி: தகுதியைச் சரிபாருங்கள்

இது அதிக நேரம் பிடிக்காது. 1967ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் இணையப் பதிவேட்டில், நிறுவனத்தின் பெயரும் பொறியியலாளரின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொழில்முறைப் பொறியியலாளர் என்பதைக் காட்டப் பெயருக்கு முன் ‘ஐஆர்’ என்று இருப்பது மட்டும் போதாது. தொழில் நடத்தும் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். நிதியமைச்சில் உரிய துறைக் குறியீட்டின் கீழ் நிறுவனம் பதிவு பெற்றிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

நான்காம் படி: விலையைப் பிறகு பாருங்கள்

தொழில்நுட்ப முன்மொழிவையும் கட்டண முன்மொழிவையும் தனித்தனி உறைகளில் வாங்கி, முதல் உறையின் மதிப்பீடு முடிந்து கையெழுத்தான பிறகே இரண்டாவதைத் திறப்பது நல்ல முறை. அமெரிக்கக் கூட்டரசு இதில் இன்னும் ஒரு படி மேலே போய், 1972இல் இயற்றிய புரூக்ஸ் சட்டத்தின்படி, தகுதியால் முதலிடம் பெற்ற நிறுவனத்தோடு மட்டும் கட்டணத்தைப் பேசுகிறது; பேச்சு முறிந்தால்தான் அடுத்த நிறுவனம் அழைக்கப்படும். ஆலோசகரின் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஆனால் அவர் வரையும் கோடுதான் மீதிப் பணம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. குறைந்த கட்டணம் சொன்னவர் களத்துக்கு வரும் நாட்களைக் குறைத்துத்தான் அதை ஈடுகட்டுவார் என்ற ஐயம் தேர்வுக் குழுவுக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் பழைய திட்டப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் வேலையைச் செய்யப்போகும் பொறியியலாளர் யார், அந்தப் பழைய திட்டங்களில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று கேளுங்கள். அந்தத் திட்டங்களின் உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, கட்டுமானத்தின்போது வரைபடம் எத்தனை முறை மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்றும் விசாரியுங்கள்.

நேர்காணலைக் குளிர்சாதன அறையில் மட்டும் நடத்தாமல், கால்வாயோரமாக நடந்துகொண்டும் நடத்துங்கள். கடலோரப் பட்டணத்துக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: “அமாவாசைக் கடலேற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வராமல் பண்டில், அதாவது கரையோர மண் அணையில், உள்ள மடைக்கதவு மூடியிருக்கும், அந்த நேரத்தில் மேலே கனமழை பெய்தால் நீரை எங்கே நிறுத்துவீர்கள்?” நல்ல பொறியியலாளர் உடனே கடலேற்ற அட்டவணையைப் பற்றியும், கதவு மூடியிருக்கும் மணிநேரத்தைப் பற்றியும், தேக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைப் பற்றியும் திருப்பிக் கேட்பார். கால்வாயை அகலப்படுத்தினால் போதும் என்பவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம், ஏனென்றால் வாய் மூடியிருக்கும்போது அகலமான கால்வாயும் நிரம்பத்தான் செய்யும்.

குழுவில் யாருக்கேனும் போட்டியிடும் நிறுவனத்தில் உறவோ பங்கோ இருந்தால், அதை எழுத்தில் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதைக் கடுமையாகப் பார்க்கிறது. பட்டணம் சிறியது, எல்லாரும் தெரிந்தவர்கள் என்பது சமாதானம் ஆகாது.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

கட்டணத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: தொடக்கநிலை ஆய்வு, விரிவான வடிவமைப்பு, குத்தகை (டெண்டர்) ஆவணங்கள், கட்டுமானக் கண்காணிப்பு. பெயர் குறிப்பிட்ட பொறியியலாளரை மாற்ற வேண்டுமானால் கழகத்தின் எழுத்து மூல ஒப்புதல் தேவை என்றும், ஆலோசகரின் தொழில் தவறால் வரும் இழப்பை ஈடுகட்டும் தொழில் பொறுப்புக் காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். கண்காணிப்புக் கட்டத்தில் களத்துக்கு வாரம் எத்தனை முறை யார் வருவார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். கடைசிக் கட்டக் கட்டணத்தில் ஒரு பகுதியை, கட்டியபடி வரையப்பட்ட வரைபடங்களும் கணக்கீடுகளும், அச்சுத் தாளில் மட்டுமல்லாமல் திருத்தக்கூடிய கணினிக் கோப்பாகவும் கழகத்தின் கைக்கு வந்த பிறகே விடுவிப்பதாக நிபந்தனை வையுங்கள். பின்னர் பக்கத்துத் தோட்டத்தில் வீடுகள் எழும்பும்போது அடுத்த ஆலோசகருக்கு அந்தக் கோப்பு தேவைப்படும்.