மருத்துவமனைகள் நிரம்பி வழியும்போது வீட்டில் நோயாளியைக் கவனிப்பது எப்படி?

பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது இரண்டு வகையான ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டிலேயே சரியாகிவிடக்கூடிய காய்ச்சலுக்குப் பயந்து, மருத்துவமனைக் கூட்டத்தில் போய் மணிக்கணக்கில் நிற்பவர்கள் ஒரு வகை. உடனே போயாக வேண்டிய நிலையில் இருந்தும், “அங்கே எங்கே இடம் கிடைக்கப் போகிறது” என்று படுத்தே கிடப்பவர்கள் இன்னொரு வகை. உயிர் போவது பெரும்பாலும் இரண்டாவது வகையில். ஆனால் இரண்டிலும் குறை ஒன்றுதான்: நேற்றைக்கு இன்று நோயாளி தேவலையா, மோசமா என்று வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வைப்பதற்கான செய்முறைதான் இது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், இவ்வளவு போதும். எல்லாவற்றையும் கொரோனாவை வைத்தே விளக்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. தடுப்பூசி வராத அந்தத் தொடக்க காலத்தில் அந்த நிறுவனம் சொன்ன கணக்கு இது: அறிகுறி வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போகாமலே தேறினார்கள்; சுமார் 15 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது; 5 சதவீதம் பேர் தீவிர சிகிச்சை வரை போனார்கள். அதாவது பெரும்பாலானோருக்கு வீடுதான் வார்டு. அந்த மீதி 20 சதவீதத்தில் நம் ஆள் இருக்கிறாரா என்பதை நாளுக்கு நாள் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை.

படி 1: யாருக்கும் ஒன்றும் ஆகாத நாளிலேயே செய்ய வேண்டியவை

முதலில், பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் போதும். எல்லோரும் மாறி மாறி அறைக்குள் போனால் எல்லோருக்கும் ஒட்டும். முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர் இந்த வேலைக்கு வேண்டாம். தடுப்பூசி வந்துவிட்ட காலமென்றால், போட்டுக்கொண்டவருக்கே முன்னுரிமை.

அடுத்து, வீட்டில் யார் யாருக்கு என்ன மாத்திரை, எவ்வளவு மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரே தாளில் எழுதுங்கள். பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளைக் கடைசி நாள் வரை விடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஆம்புலன்ஸ் எண், தெரிந்த மருத்துவர் எண், நடுராத்திரியிலும் வண்டி எடுக்கக்கூடிய ஒருவரின் எண், மூன்றும் சுவரில் இருக்கட்டும். செல்போன் சார்ஜ் இறங்கிப்போகும். சுவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆக்சிமீட்டர் வாங்கியதும் உறைக்குள்ளேயே பத்திரப்படுத்தாதீர்கள். நன்றாக இருக்கும்போதே எல்லோருக்கும் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் உதவும்.

படி 2: அறை

நோயாளிக்குத் தனி அறை, முடிந்தால் தனிக் கழிவறை. கழிவறை ஒன்றுதான் என்றால் அவர் கடைசியாகப் பயன்படுத்தட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தனி அறையே இல்லாத வீட்டில், ஜன்னல் ஓரத்து மூலை அவருக்கு. மற்றவர்கள் எட்ட இருக்க வேண்டும், எல்லோரும் மாஸ்க் போட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2020-இல் பலர் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், கதவுப் பிடியை நாள் முழுக்கத் துடைத்தார்கள், ஆனால் ஜன்னலை இறுக்கிச் சாத்தி வைத்தார்கள். இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றில் பரவுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. ஆகவே துடைக்கும் நேரத்தில் பாதியைக் காற்றோட்டத்துக்குக் கொடுங்கள். எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் இரண்டையும் திறங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும். அறைக் காற்று வெளியே போக வேண்டும், கூடத்துக்கு வரக்கூடாது.

உள்ளே போகும்போது பார்த்துக்கொள்பவர் என்95 மாஸ்க் அணியலாம். முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தால்தான் அதற்குப் பயன். நோயாளிக்கு மூச்சுச் சிரமம் இல்லையென்றால் அவரும் ஒரு மாஸ்க் போடட்டும். பாத்திரம், துணி எல்லாம் வழக்கமான சோப்பில் கழுவினால் போதும். ப்ளீச்சையும் ஆசிட்டையும் மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு நோய் உள்ள வீட்டில் அது இரட்டை ஆபத்து.

படி 3: நோட்டு

செய்முறையின் நடு இதுதான். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

முதல் பக்கத்தில் முதல் அறிகுறி தோன்றிய தேதியை எழுதுங்கள். பரிசோதனை முடிவு வந்த நாளை வைத்து எண்ணத் தொடங்கக் கூடாது. தொண்டை கரகரத்த நாள், உடம்பு வலித்த நாள், அதுதான் நாள் 1. ஏனென்றால் கொரோனாவில் பலருக்கு முதல் சில நாட்கள் சாதாரணமாகக் கழிந்து, ஏறக்குறைய 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள்தான் மூச்சு மோசமானது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடே நிம்மதியாகும் நேரமும் அதுதான். நாள் எண் தெரிந்தால் எப்போது கூடுதலாக விழித்திருக்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்த பக்கத்திலிருந்து கட்டம் போடுங்கள்: நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, என்ன சாப்பிட்டார், சிறுநீர் போனாரா, என்ன மருந்து கொடுத்தோம். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. 5-ஆம் நாளுக்குப் பிறகு இரவிலும் ஒருமுறை எழுந்து பார்ப்பது நல்லது.

ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒரு விதமாகவும், ஏறாத ரத்தம் வேறு விதமாகவும் அந்த ஒளியை உறிஞ்சும்; அந்த வித்தியாசத்தைத்தான் கணக்கிட்டுக் காட்டுகிறது. 1970-களில் இந்த வழியைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த நேரத்தில், காலமானார்.

ஒளியை வைத்து அளப்பதால் சில ஒழுங்குகள் உண்டு. நகப்பூச்சை அழியுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும், கையை ஆட்டாமல் வைக்கட்டும். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எழுதாதீர்கள். அரை நிமிடமாவது பொறுத்து, நிலையாக நிற்கும் எண்ணை எழுதுங்கள். இன்னொன்று: கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. நம்மில் பலருக்கு இது பொருந்தும். எனவே ஒரு தடவை வந்த எண்ணைவிட, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். காலை 97, மாலை 96, மறுநாள் 94 என்றால், 94 என்ற எண்ணைவிட அந்த இறக்கம்தான் சேதி.

மூச்சை எண்ணும்போது அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் தன்னை அறியாமல் மாற்றி மூச்சுவிடுவார். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். 30 என்றால் அது கடுமையான நோய், கிளம்ப வேண்டியதுதான்.

படி 4: எண்ணைப் படிப்பது

ஓய்வில் ஆக்சிஜன் 95-உம் அதற்கு மேலும் இருந்து, மற்ற அறிகுறியும் பயப்படும்படி இல்லையென்றால் வீட்டிலேயே தொடரலாம். 93, 94 வந்தால் விரலை மாற்றி மறுபடி பாருங்கள். அதேதான் என்றால் நாளை வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் யோசனை வேண்டாம், மருத்துவமனைதான். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பான அளவே குறைவாக இருக்கலாம். அவர்களுக்கான எல்லையை மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

எண் நன்றாக இருந்தும் இவற்றில் ஒன்று தெரிந்தால் எண்ணை மறந்துவிடுங்கள்: ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குதல், விடாத நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, உதடு நீலம் பாய்தல். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆக்சிஜன் 85-க்கு இறங்கியும் மூச்சுத்திணறலே தெரியாமல் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து மருத்துவர்களே திகைத்தார்கள். “எனக்கு ஒன்றும் இல்லை” என்று அவர் சொல்வதை அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நோட்டை நம்புங்கள்.

படி 5: மருந்தும் சாப்பாடும்

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளை 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. எடை குறைவானவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அளவு இன்னும் குறையும், கேட்டுக் கொடுங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. தண்ணீர் அடிக்கடி, வயிறு ஏற்கும் சாப்பாடு சிறிது சிறிதாக. வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். அவ்வளவுதான்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்ஆப் மருந்துச் சீட்டுகளில் அது சர்வசாதாரணமாக வரும். பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் மட்டும் இருந்தவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாகக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே ஆய்வில் பலன் தெரியவில்லை. செய்தி பரவியபோது இந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விட்டது. ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் இதைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி குறையும். மருத்துவர் எழுதாமல் தொடாதீர்கள்.

படி 6: குப்புறப் படுத்தல்

ஆக்சிஜன் சற்று இறங்கி, மருத்துவரைத் தேடும் நேரத்திலும் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் செய்யக்கூடியது இது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் அந்தப் பகுதி அமுங்குகிறது. குப்புறப் படுத்தால் அது விரியும்.

கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை மேல்பகுதி வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, காலுக்கு அடியில் இரண்டு. அப்படியே 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை. பிறகு வலப்பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்தல், பிறகு இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகும்வரை வேண்டாம். கர்ப்பிணிகள், கடும் இதய நோய் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், முதுகெலும்பு அல்லது இடுப்பு முறிவு உள்ளவர்கள் செய்யக்கூடாது. எண் ஏறிவிட்டது என்பதற்காக மருத்துவமனைப் பயணத்தைக் கைவிடாதீர்கள். இது நேரம் வாங்கித் தருவது, சிகிச்சை ஆகாது.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொல்லாமல் கூடாது. அந்த அறையில் அடுப்பு, விளக்குச் சுடர், சிகரெட் எதுவும் கூடாது, குழாய் இணைப்பில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது.

படி 7: கிளம்பும்போது

ஒரு தாளில் சுருக்கமாக: பெயர், வயது, நாள் எண், கடந்த இரண்டு நாள் ஆக்சிஜன் அளவுகள், பழைய நோய்கள், மாத்திரைகள், ஒவ்வாமை, உறவினர் எண். வாசலில் நிற்கும் செவிலியருக்கு உங்கள் வருத்தத்தைக் கேட்க நேரமில்லாமல் இருக்கலாம், இந்தத் தாளைப் பார்க்க நேரமிருக்கும். அவர்கள் வந்த வரிசையில் எடுப்பதில்லை, யாருக்கு உடனடி ஆபத்து என்று பார்த்து எடுக்கிறார்கள். “நேற்றிரவு 95, காலை 93, இப்போது 90” என்ற ஒரு வரி, சத்தம் போடுவதைவிட வேகமாகக் கதவைத் திறக்கும்.

போகும் முன் போன் செய்து இடம் கேளுங்கள். ஒருவர் அழைக்க, இன்னொருவர் பையை எடுத்து வைக்கட்டும். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, சார்ஜர், மாற்றுத் துணி. உடன் வருபவரை உள்ளே அனுமதிக்காமல் போகலாம் என்பதால் போன் நோயாளியிடமே இருக்கட்டும். எங்குமே இடமில்லை என்று சொன்னாலும் மூச்சுத் திணறுபவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். படுக்கை கிடைக்கும்வரை ஆக்சிஜனாவது கிடைக்க வழியுண்டு.

தொற்று இல்லாத அவசரங்கள்

2020-இல் பல நாடுகளில் மாரடைப்போடு வருபவர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. மாரடைப்பு குறையவில்லை, ஜனங்கள் பயந்து வராமல் இருந்தார்கள். நெஞ்சை அழுத்தும் வலி, வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை திடீரெனத் துவளுதல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு இவற்றுக்குத் தொற்றுப் பயம் பார்க்கவே கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

தேறிய பிறகு

காய்ச்சல் போனதும் நோட்டை மூடிவிடாதீர்கள், குறைந்தது 10-ஆம் நாள் தாண்டும்வரை எழுதுங்கள். அப்புறம் நடமாட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நெஞ்சு படபடத்தால் நிறுத்தி உட்காருங்கள். பார்த்துக்கொண்டவரும் இப்போதாவது ஒரு முழு ராத்திரி தூங்கட்டும், வேறொருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்தும் சோர்வு, மூச்சிரைப்பு, மறதி தொடர்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.