பிழையின்றித் தமிழில் பதிவிட: ஒரு மீன் குழம்பைத் திருத்திப் பழகுவோம்

தமிழில் பிழையில்லாமல் எழுதப் பழக வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் சந்தியில்தான், அதாவது இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் நடக்கும் எழுத்து மாற்றத்தில்தான், தொடங்குகிறார்கள். எங்கே 'க்' வரும், எங்கே 'ச்' வரும் என்று தேடப் போனால் வேற்றுமைத்தொகை, உம்மைத்தொகை, வன்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். அரை மணி நேரத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். என் கட்சி வேறு: சந்தியைக் கடைசியில் பாருங்கள். ஓர் ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, விடுபட்டால் பாதிப் பேர் கவனிக்காமலே கடந்துபோவார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்பதை 'ஆழ்ந்த இறங்கல்' என்று எழுதி அனுப்பினால், துக்க வீட்டில் இருப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

பழகுவதற்கு ஒரு சமையல் குறிப்பை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நானே எழுதியது இது. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு பிழையையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ சமையல் பக்கத்திலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

"மீன் குளம்பு செய்முரை: முதலில் புலியை வெந்நீரில் ஊர வைக்கவும். கடாயில் எண்ணை ஊற்றி கடுகு வெந்தயம் போட்டு தாலிக்கவும். நறுக்கியத் தக்காளியை சேர்த்து வதக்கவும். பிறகு மஞ்சள் மிளகாய் தூள் சேர்த்து புலிக்கரைசலை ஊற்றவும். பச்சை வாசனை போனதற்க்கு பிறகு மீன் துன்டுகளை போடவும். துண்டுகள் வெந்ததும் இறக்கிடனும். உங்கள் கருத்துக்கள் வரவேற்கப்படுகிறது ."

படி 1: முதலில் விசைப்பலகையைச் சந்தேகப்படுங்கள்

'புலி' வந்ததற்கு எழுதியவரின் அறியாமை காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் பி, யு, எல், ஐ என்று தட்டினால் புலியும் வரும், புளியும் வரும். பரிந்துரைப் பட்டியைப் பார்க்காமல் இடைவெளி விசையை அழுத்தினால், முதலில் நிற்கும் சொல் உள்ளே போய்விடும். ஆகவே ல, ன, ர வருகிற சொற்களில் மட்டுமாவது பட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தமிழில் நிறைய எழுதப் போகிறவர் என்றால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிடுவது நல்லது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை இருப்பதால் எது வேண்டும் என்று விரலே முடிவுசெய்தாக வேண்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. 'ண' அடித்து 'ட' அடித்தால் புள்ளி தானாக விழுந்து 'ண்ட' ஆகிவிடும். 'ன' அடித்து 'ட' அடித்தால் புள்ளி விழாது. 'துன்டு' என்று எழுத முயல்பவரை விசைப்பலகையே தடுத்து நிறுத்துகிறது. செல்லினம் போன்ற செயலிகளில் இந்த அமைப்பு இருக்கிறது. முதல் சில நாள்கள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 'கௌதாரி' என்பதில் 'கௌ' ஒரே எழுத்து. அதைக் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டாக அடித்தால் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது. ஔவையாரை 'ஒ' போட்டு 'ள' போட்டு எழுதுவதும் இதே கதைதான்.

படி 2: பொருளைக் கெடுக்கும் எழுத்துகளைத் தேடுங்கள்

எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் எதுவும் சிக்காது. மூன்று முறை வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டத்தை மட்டும் பாருங்கள்.

முதல் சுற்றில் ல, ள, ழ. இங்கே நேரடியான விதி குறைவு. அந்தச் சொல்லின் உறவுச் சொல்லை நினைத்துப் பார்ப்பதே வழி. புளி என்றால் புளிப்பு. குழம்பு என்றால் குழம்புதல், குழப்பம். 'குளம்பு' மாட்டுக்கும் குதிரைக்கும் காலில் இருப்பது, மீனுக்கு எங்கிருந்து வரும்? தாளிப்பது 'ள'. 'தாலி' கழுத்தில் கட்டுவது. வெல்லம் இரண்டு கரண்டி போடலாம், வெள்ளம் போட்டால் சமையலறை மூழ்கும். 'காலை வேளை' பொழுதைச் சொல்கிறது, 'காலை வேலை' அந்தப் பொழுதில் செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

இரண்டாம் சுற்றில் ர, ற. இதற்கு அருமையான சோதனை ஒன்று உண்டு. தமிழில் 'ற' இரட்டிக்கும், 'ர' இரட்டிக்காது. ஆகவே சந்தேகம் வரும் சொல்லோடு வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது அதன் பிறவினையை நினையுங்கள். சோறு, சோற்றில். வயிறு, வயிற்றில். கயிறு, கயிற்றில். பால் ஆறும், நாம் ஆற்றுவோம். 'ற்ற' வந்தால் மூலத்தில் இருப்பது 'று'. சுவர் இந்தச் சோதனையில் வேறு பக்கம் நிற்கும்: அது 'ர்' என்பதால் 'சுவரில்' என்றுதான் வரும். 'சுவற்றில் எழுதாதே' என்று சுவரிலேயே எழுதிவைத்திருப்பதை என்ன சொல்வது!

சோதனை எட்டாத இடங்களைப் பழகித்தான் பிடிக்க வேண்டும். அவல்பொரி தின்பது, எலிப்பொறி எலியைப் பிடிப்பது. எனவே மீனைப் பொரிக்க வேண்டும், கல்வெட்டில்தான் பொறிக்க வேண்டும். கறிக்கடையில் ஆட்டிறைச்சி கிடைக்கும், கரிக்கடையில் அடுப்புக்கரி கிடைக்கும். கறிவேப்பிலையிலும் அந்தக் கறிதான் இருக்கிறது. நம் குறிப்பில் 'செய்முரை' செய்முறை ஆகிறது, 'ஊர' என்பது ஊற ஆகிறது.

மூன்றாம் சுற்றில் ன, ண, ந. மூன்றில் இதுதான் எளிது, ஏனென்றால் விதியே வேலையைச் செய்துவிடும். 'ட'வுக்கு முன்னால் 'ண்' (வண்டி, துண்டு). 'ற'வுக்கு முன்னால் 'ன்' (கன்று, மன்றம்). 'த'வுக்கு முன்னால் 'ந்' (பந்து, வெந்தயம்). சொல்லின் தொடக்கத்தில் 'ந' மட்டுமே வரும். 'வெந்நீர்' என்பதில் நடுவில் 'நீ' வருகிறதே என்றால், அது வெம்மையும் நீரும் சேர்ந்த சொல், நீர் அங்கே தொடக்கம்தான். எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பது நினைவிருந்தால் கடைசியில் 'ய்' விடுபடாது. வெண்ணெய்க்கும் அப்படியே.

படி 3: ட், ற் அடுத்துப் புள்ளியா? அழியுங்கள்

ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். தமிழ்ச் சொற்களில் 'ட்', 'ற்' இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதற்க்கு, முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி, கேட்க்கிறேன் எல்லாம் இந்த ஒரே விதியில் விழுந்துவிடும்: அதற்கு, முயற்சி, பயிற்சி, காட்சி, கேட்கிறேன்.

அப்படியானால் மகிழ்ச்சியில் 'ச்' எப்படி வந்தது? ய், ர், ழ் மூன்றும் தமக்கு அடுத்து இன்னொரு மெய்யை ஏற்கும் என்று நன்னூல் சொல்கிறது. ஆராய்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி மூன்றிலும் அந்த மூன்று எழுத்துகளும் இருப்பதைப் பாருங்கள். கடன் சொற்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாட்ஸ்அப் என்ற பெயரே 'ட்ஸ்' வைத்துக்கொண்டுதான் உலவுகிறது.

படி 4: வாக்கியம் ஒட்டுகிறதா?

எழுவாய் பன்மை என்றால் பயனிலையும் பன்மை. 'கருத்துகள் வரவேற்கப்படுகிறது' என்பது இணையத் தமிழில் எங்கும் காணப்படும் பிழை. வரவேற்கப்படுகின்றன என்று எழுதுங்கள். அதன் தங்கை 'ஒவ்வொரு துண்டுகளையும்'. ஒவ்வொரு என்று பிரித்துச் சொன்ன பிறகு 'கள்' எதற்கு? ஒவ்வொரு துண்டையும் என்றால் போதும்.

தொடக்கம் முதல் 'வைக்கவும், ஊற்றவும்' என்று எழுதிவந்துவிட்டுக் கடைசியில் 'இறக்கிடனும்' என்று பேச்சுக்குத் தாவ வேண்டாம். பேச்சுத் தமிழிலேயே முழுக்க எழுதுவது குற்றமில்லை. பாதியில் மாறுவதுதான் உறுத்தும்.

காற்புள்ளியை அலட்சியப்படுத்தாதீர்கள். 'மஞ்சள் மிளகாய் தூள்' என்று வாசிப்பவர் மஞ்சள் நிற மிளகாயைத் தேடிக் கடைக்குப் போகக்கூடும். முற்றுப்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விடாமல், பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சிறிய திரையில் அந்தப் புள்ளி அடுத்த வரியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 5: இப்போது சந்தி

அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். அப்போதும் தொடக்கநிலையில் இருப்பவர் இந்த நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

'ஐ' உருபுக்குப் பின்: தக்காளியைச் சேர்த்து, துண்டுகளைப் போடவும்.

'கு' உருபுக்குப் பின்: போனதற்குப் பிறகு, ஊருக்குப் போனேன்.

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்: அந்தக் கடாய், இப்படிச் செய்யுங்கள்.

'செய்ய' என்பதுபோல் அகரத்திலோ, 'ஊற்றி' என்பதுபோல் இகரத்திலோ, 'போட்டு', 'சேர்த்து' என்பதுபோல் வல்லெழுத்து இரட்டித்தோ முடியும் வினையெச்சங்களுக்குப் பின்: செய்யச் சொன்னார், ஊற்றிக் கிளறவும், போட்டுத் தாளிக்கவும். வந்து, செய்து, கொண்டு ஆகியவை இந்தக் கூட்டத்தில் சேராதவை. 'செய்து பார்த்தேன்' என்றே எழுத வேண்டும்.

இதைக் கற்ற உற்சாகத்தில் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றைப் போடும் நோய் ஒன்று தொற்றும். விடுபட்ட ஒற்றைவிட வேண்டாத ஒற்றுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 'நறுக்கியத் தக்காளி' தவறு. நறுக்கிய, வந்த, படித்த, நல்ல, பெரிய ஆகியவற்றுக்குப் பின் ஒற்று மிகாது. 'வாழ்கத் தமிழ்' என்பதும் தவறு, வாழ்க தமிழ் போதும்.

பெயரோடு பெயர் சேரும் இடங்கள் சற்றே சிக்கலானவை. மிளகாய்த்தூள், புளிக்கரைசல் போன்றவற்றை ஒரே சொல்லாக எழுதிப் பழகிவிட்டால் தொல்லை குறையும். ஒற்று இங்கே பொருளையே மாற்றவும் செய்யும். 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் மத்தை எடுத்துக்கொண்டு வா என்று பொருள்.

திருத்திய குறிப்பு இப்போது இப்படி இருக்கும்:

"மீன் குழம்பு செய்முறை: முதலில் புளியை வெந்நீரில் ஊற வைக்கவும். கடாயில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, வெந்தயம் போட்டுத் தாளிக்கவும். நறுக்கிய தக்காளியைச் சேர்த்து வதக்கவும். பிறகு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றவும். பச்சை வாசனை போனதற்குப் பிறகு மீன் துண்டுகளைப் போடவும். துண்டுகள் வெந்ததும் இறக்கவும். உங்கள் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன."

உப்பை மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். அதைத் திருத்த இலக்கணத்தில் வழியில்லை.

படி 6: கருவிகளைக் கடைசியில் கூப்பிடுங்கள்

நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி. எழுதியதை ஒட்டினால் ஐயத்துக்குரிய சொற்களைக் காட்டும். ஆனால் தனிச்சொல்லாக எடுத்தால் 'புலி' சரியான சொல். அதை ஊற வைக்க முடியாது என்று சொல்பிழை திருத்தியிடம் எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் படி 2ஐ உங்கள் கண்ணால் முடித்துவிட்டு இங்கே வரச் சொல்கிறேன்.

ஒரு சொல்லின் வடிவம் பற்றி ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கைகொடுக்கும். தேடுபொறியில் எத்தனை முடிவுகள் வருகின்றன என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 'முயற்ச்சி' தேடினாலும் பக்கம் பக்கமாக வரும்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, கோயிலா கோவிலா, கறுப்பா கருப்பா என்ற சண்டைகளில் இறங்காதீர்கள். படித்தவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே பதிவுக்குள் மாற்றாமல் எழுதினால் போதும்.

படி 7: அனுப்பிய பிறகு

அனுப்பிய மறுநொடியில்தான் பிழை கண்ணில் படும், அது எல்லோருக்கும் நடப்பது. வாட்ஸ்அப்பில் 15 நிமிடங்களுக்குள் செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு பக்கத்தில் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'இறங்கல்' போன்ற பிழை என்றால் தயங்காமல் உடனே திருத்துங்கள்.

அடுத்தவர் பிழையைக் கண்டால் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் சுட்டாதீர்கள். 'அக்கா, புளிக்குப் பெரிய ள போடணும்' என்று தனிச்செய்தியில் ஒரு வரி அனுப்பினால் அவர் திருத்திவிடுவார். குழுவில் சொன்னால் அடுத்த வாரம் குறிப்பே வராது.