சீட் பெல்ட் ரீகால்: உங்கள் கார் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

தனுஷ்கோடி சாலையில் ஒரு நாள் காரை ஓரங்கட்டினேன். இடது பக்கச் சக்கரங்கள் மணலில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. அரிச்சல்முனையில் கடலைப் பார்த்துவிட்டு வந்து பெல்ட்டை இழுத்தால், வரவே மாட்டேன் என்கிறது. ‘சரி, பெல்ட் போச்சு’ என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்றியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அது கோளாறே இல்லை. பெல்ட் சுருளும் பெட்டிக்குள் பல வண்டிகளில் ஒரு சின்னக் குண்டு இருக்கும். வண்டி சாய்ந்தாலோ சடாரென்று பிரேக் பிடித்தாலோ குண்டு நகர்ந்து பெல்ட் பூட்டிக்கொள்ளும். அதனால் பெல்ட்டைச் சோதிக்க முதல் வேலை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது.

அப்புறம் பெல்ட்டை மெதுவாக முழுவதும் வெளியே இழுங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் தானாகச் சுருள வேண்டும். பக்கிளில் மாட்டினால் ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும். பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் கழன்று வரக்கூடாது. பின் சீட்டையும் விடாதீர்கள். என் வண்டியின் பின் சீட்டு பக்கிளில் இருந்து ஒரு முறை கிளிஞ்சல் துண்டு விழுந்தது! நம் கரையில் மணலும் உப்புக் காற்றும் செய்யும் வேலை அது. அதற்கு எந்த கம்பெனியும் ரீகால் விடாது. வாட்டர் சர்வீஸில் வேக்குவம் போடச் சொல்லுங்கள், எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் இன்னும் மணலைத்தான் பிடித்து வைக்கும்.

ரீகால் என்பது வேறு. தயாரிப்பிலேயே குறை இருக்கலாம் என்று தெரிந்து, கம்பெனி வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்து தருவது. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி 9,125 கார்களை அப்படிக் கூப்பிட்டது. முன் சீட்டு பெல்ட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்கும் பாகத்தில் குறை இருக்கலாம் என்பது காரணம். நவம்பர் 2 முதல் 28 வரை தயாரான வண்டிகள் மட்டும்தான் அதில். அடுத்த மாதமே 11,177 கிராண்ட் விட்டாரா கார்களுக்குப் பின் சீட்டு பெல்ட் பிராக்கெட்டுக்காக இன்னொன்று. ஒரே மாடலாக இருந்தாலும் பக்கத்து வீட்டு வண்டி பட்டியலில் இருக்கும், உங்களுடையது இருக்காது. மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆர்சியில் 17 இலக்க சேசிஸ் நம்பர் இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஆங்கில ‘ஓ’ எழுத்து வரவே வராது; அப்படித் தெரிந்தால் அது பூஜ்யம். கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் அந்த நம்பரை அடித்தால் போதும். வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாமின் தளத்திலும் ரீகால் விவரம் உண்டு. இணையம் ஒத்துவராவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து நம்பரைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்வார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கீழக்கரையில் என் மச்சானின் காருக்கு ரீகால் வந்தபோது, கடிதம் மதுரையில் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருந்தது. கம்பெனியிடம் இருந்தது அவர் முகவரிதான். நம்பரை அடித்துப் பார்த்ததால்தான் மச்சானுக்கு விஷயமே தெரிந்தது. உங்கள் பெயரையும் போன் நம்பரையும் சர்வீஸ் சென்டரில் மாற்றி வையுங்கள்.

பட்டியலில் இல்லை, ஆனால் மணலோ துருவோ இல்லாமலே பெல்ட் பூட்ட மறுக்கிறது என்றால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் பகுதியில் புகார் பதியலாம். 2021 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது. ஒரே குறைக்குப் புகார்கள் சேர்ந்தால் அரசே விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிட முடியும்.

பட்டியலில் இருந்தால், பாகம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை போய், ‘ஸ்டாக் இல்லை’ என்று திரும்புவது பாவம். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் ‘ரீகால்’ என்று எழுதியிருக்கிறதா, தொகை பூஜ்யமாக இருக்கிறதா பாருங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் பெல்ட்டைப் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். மோதலில் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனருக்குள் சின்னதாக வெடிமருந்தே இருக்கிறது. வேலை முடியும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.