காவிரிப் படுகையின் சிறு தொழில்முனைவோர் அரசுக் கொள்முதலில் தங்கள் முன்னுரிமையைப் பெறும் வழி

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. முதலில் 20 சதவீதமாக இருந்த இந்த இலக்கு 2019 ஏப்ரலில் உயர்த்தப்பட்டது. இதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் உண்டு. திருச்சி பெல் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, காரைக்காலில் ஓஎன்ஜிசி என்று இந்த ஆணை பொருந்தும் இடங்கள் நம் படுகையிலேயே இருக்கின்றன. இருந்தும் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களில் பலர் பிறருக்குக் கீழே துணை ஒப்பந்தம் எடுப்பதோடு நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. கேட்டுப் பெறாதவரை இந்த முன்னுரிமை தேடி வருவதில்லை.

முதல் வேலை உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது, ஆகவே பணம் கேட்கும் முகவரிடம் போக வேண்டியதில்லை. தயங்கினால் மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேட்கலாம். 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மிகாதவை குறு நிறுவனங்கள். முதலீடு 25 கோடிக்கும் விற்பனை 100 கோடிக்கும் மிகாதவை சிறு நிறுவனங்கள். பதிவில் உங்கள் தொழிலுக்குத் தரும் வகைப்பாட்டுக் குறியீட்டை மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுங்கள். டெண்டரில் கேட்கும் பொருளும் பதிவில் உள்ள தொழிலும் பொருந்தவில்லை என்றால் சலுகை மறுக்கப்படக் கூடும். வாங்கி விற்கும் வணிகர்களும் உத்யத்தில் பதியலாம் என்றாலும், அவர்களுக்கு அதனால் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே. கொள்முதல் சலுகை உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்கும் உரியது.

உரிமையாளர் யார் என்பதற்கான சான்றும் வேண்டும். பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கேட்டால் தனி உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டாண்மையிலும் கம்பெனியிலும் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்களிடம் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இதே அளவுகோல்தான். சாதிச் சான்றிதழையும் கூட்டாண்மைப் பத்திரத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் பொருள் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்று ஆணை கூறுகிறது. தென்னைநார்க் கயிறும் விரிப்பும் அதில் உள்ளதால், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னைநார்த் தொழில்முனைவோர் இதைத் தவறவிடக் கூடாது. பட்டியலில் இல்லாத பொருளுக்கு விலை முன்னுரிமை பொருந்தும். பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். துவாக்குடியில் இரும்புத் தாங்கி செய்யும் ஒரு சிறு பட்டறை, தாங்கி ஒன்றுக்கு 112 ரூபாய் என விலை போட்டிருக்கிறது, குறைந்த விலையான 100 ரூபாயை ஒரு பெரிய நிறுவனம் கொடுத்து எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை தந்த நிறுவனம், ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையின் விலை எல்-1 விலையைவிட 15 சதவீதத்துக்கு மேல் போகாததால், அதே 100 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டால் மொத்த அளவில் குறைந்தது 25 சதவீதத்தைப் பெறும் தகுதி அதற்கு வருகிறது. பொருளைப் பிரிக்க முடியாவிட்டால் முழு ஆணையும் கிடைக்க வாய்ப்புண்டு. பட்டறைக்குக் கிடைக்கும் விலை 112 அன்று, 100 தான். ஆகவே விலை போடுவதற்கு முன்பே, மூலப்பொருள், கூலி, லாரி வாடகை, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கணக்கிட்டு, எந்த விலைவரை இறங்கினால் நட்டம் வராது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்-1 நிறுவனமே குறு, சிறு நிறுவனமாக இருந்தால் இந்தச் சலுகை எழுவதில்லை. கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கும் இந்த ஆணை பொருந்தாது.

டெண்டர் படிவக் கட்டணமும், டெண்டரில் பங்கேற்கக் கட்டும் முன்வைப்புத் தொகையும் உங்களுக்கு விலக்கு. உத்யம் சான்றைச் சேர்த்தால் போதும். ஒப்பந்தம் கிடைத்த பிறகு கேட்கப்படும் செயல்திறன் பிணைத்தொகை வேறு. அதற்கு வங்கியில் ஏற்பாடு தேவைப்படும். அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிந்துகொள்வதும் அவசியம். பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிட வேண்டிய ஆண்டுக் கொள்முதல் திட்டத்தைப் படித்தால், எதற்கு எப்போது தயாராக வேண்டும் என்று தெரியும்.

2017ஆம் ஆண்டின் மேக் இன் இந்தியா ஆணை வேறு ஒரு சலுகையைத் தருகிறது. பொருளின் மதிப்பில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டில் உருவாகியிருந்தால் நீங்கள் முதல் வகை உள்ளூர் வழங்குநர். இங்கே விலை வரம்பு 20 சதவீதம். 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்குத் தணிக்கையாளர் சான்று தேவை, அதற்குக் கீழே உங்கள் உறுதிமொழியே போதும். பொய்யாக எழுதினால் இரண்டு ஆண்டுகள்வரை டெண்டரில் பங்கேற்கத் தடை வரும்.

இவை மத்திய அரசின் ஆணைகள். நுகர்பொருள் வாணிபக் கழகம், மின்வாரியம், நகராட்சிகள் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998உம் அதன் கீழ் 2000இல் வந்த விதிகளும் பொருந்தும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததால் அங்குள்ள உள்ளாட்சிகளுக்கு இந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. எந்த டெண்டரானாலும் ஆவணத்தின் சலுகைப் பகுதியைக் கடைசி வரிவரை படித்துவிடுங்கள்.

பணம் தாமதமானால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வழங்குவதற்கு முன்பே உத்யம் பதிவு முடிந்திருப்பது முக்கியம். இதற்கான அரசு இணையதளத்தில் மனு கொடுத்தால் அது குறு, சிறு நிறுவன வசதிக் குழுவுக்குப் போகும். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை வைப்பாகக் கட்ட வேண்டும். மனுவுடன் வழங்கல் சீட்டு, விலைப்பட்டியல், ஏற்புக் கையெழுத்து ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.