போலீஸுக்கு உள்ள விதிகளை நாம் கேட்டு வாங்குவது எப்படி

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு அண்ணனை "விசாரணைக்கு வாங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டிப்போனார்கள். என்ன கேஸ், யார் கூப்பிட்டது, எப்போது விடுவார்கள் என்று எதுவும் தெரியாமல் அவர் மனைவி ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். "இதுக்கெல்லாம் அவங்களுக்கு ஒரு ரூல் இருக்காதா தம்பி?" என்று அந்த அக்கா அப்புறம் கேட்டார். இருக்கு அக்கா, நிறையவே இருக்கு.

கேட்காமலே கிடைப்பதை முதலில் பார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது, அது அரசின் இணையதளத்திலேயே இலவசம். முழுதும் படிக்க வேண்டாம், மூன்று பிரிவு போதும். 36-ஆவது பிரிவுப்படி கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி அதில் குடும்பத்தில் ஒருவர் அல்லது அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 37-ஆவது பிரிவு, கைதானவரின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. 179-இன்படி பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணை என்று ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்கக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

கைதுக் குறிப்பு ஒன்றும் புதிதாக முளைத்ததில்லை. 1996-இல், காவலில் நடக்கும் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலேயே அது வந்துவிட்டது. எங்கள் கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், விசாரணைக்குக் கூட்டிப்போன ராஜாகண்ணு சித்திரவதையில் இறந்தது 1993. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எஃப்ஐஆர் போட்ட 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு. பாலியல் குற்றம் மாதிரியான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. கையில் இருப்பது வெறும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு என்றால் அதை எஃப்ஐஆர் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

சட்டப் புத்தகத்துக்கு வெளியேயும் விதிகள் உண்டு. போலீஸ் நிலையாணைகள் (துறைக்குள் நிரந்தரமாக நடப்பில் உள்ள உத்தரவுகள்), தலைமையகச் சுற்றறிக்கைகள், ஸ்டேஷன் கேமரா பற்றிய உத்தரவுகள் எல்லாம் அந்த வகை. இவற்றுக்குத்தான் ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-இல் வந்த அந்தச் சட்டத்தின் 4(1)(b) பிரிவு, ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகள், கையேடுகள், அறிவுறுத்தல்கள் எவை என்பதை அலுவலகமே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. அதனால் நீங்கள் கெஞ்சிக் கேட்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்க வேண்டியதைக் கேட்கிறீர்கள்.

நிறைய பேர் சறுக்குவது மனு எழுதும் இடத்தில். என் முதல் மனுவில் நான் "ஏன் விடியும்வரை வைத்திருந்தீர்கள்?" என்று ஒரு பக்கத்துக்குக் கோபத்தைக் கொட்டியிருந்தேன், "கேள்விகளுக்கு விளக்கம் தர இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. நியாயமும் அதுதான், ஏனென்றால் இந்தச் சட்டத்தில் காரணம் கேட்க முடியாது, இருக்கிற காகிதத்தைத்தான் கேட்க முடியும். இரண்டாவது முறை இப்படி எழுதினேன்: "சாட்சிகளையும் சந்தேக நபர்களையும் விசாரணைக்கு அழைப்பது தொடர்பாகத் தற்போது நடைமுறையில் உள்ள நிலையாணை மற்றும் சுற்றறிக்கைகளின் நகல். காவல் நிலையக் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை எத்தனை நாள் சேமிக்க வேண்டும் என்ற உத்தரவின் நகல்." ஆள் பெயரும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நகல் வந்தது.

கேமரா கேள்வியைச் சேர்த்தது வேண்டுமென்றேதான். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 18 மாதப் பதிவை வைத்திருக்கச் சொன்னது, அப்படிப்பட்ட கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்றது. நம் ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்பது எழுத்தில் வந்தால்தான் உண்டு.

மற்றதெல்லாம் சுலபம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம், கடலூர்" என்று முகவரியிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதை பத்திரமாக வையுங்கள், மனுவை போட்டோ எடுத்து வையுங்கள். வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனு என்றாலும் அவர்களே ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும், அதனால் முகவரி தப்பாகிவிடுமோ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

நாலைந்து நாளில் போன் வரலாம். எனக்கு வந்தது. "சார், எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க, நேர்ல வாங்களேன் பேசிக்கலாம்." குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, ஆனாலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. 6(2) பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. "எழுத்துல அனுப்பிடுங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நேரில் போக வேண்டாம்.

30 நாளில் பதில் இல்லை என்றாலோ, மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம், அங்கே வருஷக் கணக்கில் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். "புலனாய்வு பாதிக்கும்" என்று ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பதுதான் வழக்கமான பதில். எல்லோருக்கும் பொதுவான ஒரு சுற்றறிக்கை எந்தப் புலனாய்வைப் பாதிக்கும் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என்று 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கியூ பிரிவு மாதிரியான உளவுப் பிரிவுகளுக்குத் தமிழ்நாட்டில் விலக்கு இருக்கிறது, ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் என்றால் அந்த விலக்கு செல்லாது.

புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியகோயில் தாண்டினால் கதை வேறு. புதுச்சேரி போலீஸ் தனி, அதன் சுற்றறிக்கைகள் தனி, இரண்டாவது மேல்முறையீடும் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் நடந்ததற்குக் கடலூருக்கு மனு போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

புகாரையும் ஆர்டிஐயையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். புகார் தனி மனு, அதற்கு எஸ்.பி. இருக்கிறார், மனித உரிமை ஆணையம் இருக்கிறது. நகல் கையில் வந்த பிறகு புகார் எழுதினால் எந்த ஆணை மீறப்பட்டது என்று எண்ணோடு சொல்லலாம். எங்கள் தெரு அக்கா அப்படித்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்றாவது தாளில் இருக்கிறார்.