மாமல்லபுரத்தை ஒரு நாளில் பார்க்க: வழிகாட்டியை எப்படி அமர்த்துவது?

அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. ஐந்து ரதங்களில் வரிசையாக நிற்கும் நான்கும் மேற்குப் பார்த்தவை. கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னதி கடலைப் பார்த்து நிற்கிறது. கிழக்குப் பார்த்தவற்றில் காலை வெயில் விழும், மேற்குப் பார்த்தவற்றில் மாலை வெயில். வழிகாட்டியை எத்தனை மணிக்கு வரச் சொல்வது, எங்கே தொடங்குவது, நடுவில் எப்போது அனுப்பிவைப்பது என்ற மூன்றுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஆனால் பலர் சென்னையில் டிபனை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் முதலில் வந்து கேட்டவரோடு பேரம் பேசி, உச்சிவெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் 'முடித்து'விட்டுத் திரும்புகிறார்கள். அப்புறம் "கைடு ஒண்ணும் சரியில்ல" என்று குறை. அமர்த்திய விதத்தில்தான் கோளாறு.

யாரைத் தேடுவது

மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்கள் ஒரு வகை. இவர்களில் பலர் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழி பேசி வெளிநாட்டுப் பயணிகளோடு சுற்றுபவர்கள். சென்னையிலிருந்து வருபவர்களும் உண்டு. மாநிலச் சுற்றுலாத் துறை அங்கீகரித்தவர்கள் அடுத்த வகை. மூன்றாவது, அட்டை எதுவும் இல்லாமல் பேருந்து நிலையத்தில் நிற்பவர்கள்.

தமிழில் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஊரிலேயே குடியிருக்கும், அங்கீகாரம் உள்ள ஒருவரைப் பிடிப்பது நல்லது. காரணம் கட்டணப் பேச்சில் வருகிறது. மாமல்லபுரத்தில் இருக்கும் மாநிலச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்கலாம். தங்கும் விடுதியின் வரவேற்பில் கேட்டாலும் ஆள் கிடைப்பார். விடுதியின் பங்கு பெரும்பாலும் அவர் சொல்லும் தொகைக்குள் சேர்ந்துவிட்டிருக்கும்.

அட்டையில் மூன்றைப் பாருங்கள்: புகைப்படம், உரிம எண், செல்லுபடியாகும் கடைசித் தேதி. கழுத்தில் நாடா தொங்குகிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். தேதி முடிந்த அட்டையும் அதே நாடாவில்தான் தொங்கும். நேரில் பார்ப்பதற்கு முன்பே அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாதாரண வார நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். சனி, ஞாயிறு என்றாலோ, டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கும் வாரங்கள் என்றாலோ ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு எவ்வளவு நல்ல வழிகாட்டி கிடைத்தாலும் சிற்பத்தின் முன்னால் நிற்க இடம் கிடைக்காது.

போனில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆளைப் பார்க்காமலே தரம் தெரிந்துகொள்ள முடியும். முதலில் இதைக் கேளுங்கள்: "அண்ணே, அந்தப் பெரிய பாறை அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா?"

"அர்ச்சுனன் தபசுதாங்க" என்று ஒரே வரியில் முடிப்பவரை விட்டுவிடலாம். "ரெண்டும் சொல்றாங்க சார். ஒத்தக் கால்ல நிக்கிறவர் பக்கத்துல சிவன் வரம் குடுக்கற மாதிரி நிக்கிறாரு, அதனால அர்ச்சுனன் பாசுபதம் வாங்குன கதைன்னு ஒரு கட்சி. நடுவுல பாறைப் பிளவுல நாகர்கள் இருக்காங்க, மேல தண்ணித் தொட்டி இருந்த அடையாளமும் இருக்கு, அதனால கங்கை இறங்குறதுன்னு இன்னொரு கட்சி. நேர்ல காட்டுறேன், நீங்களே சொல்லுங்க" என்று ஒருவர் சொன்னால் அவரையே உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது: "ரதங்களுக்குப் பாண்டவர் பேரு எப்படி வந்துச்சு?" அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் ஊர் மக்கள் வைத்தவை, பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, அவை தேர்களே அல்ல, ஒற்றைக்கல்லில் குடைந்த கோயில் வடிவங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். யார் கட்டியது என்ற பேச்சு வந்தால், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் பெயரையும், கடற்கரைக் கோயிலுக்குப் பிந்தைய பல்லவனான ராஜசிம்மன் பெயரையும் சொல்வார். இந்த ஊரின் படைப்புகள் எல்லாமே ராஜசிம்மனுடையவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1960களில் வாதிட்டதையும் சேர்த்துச் சொன்னால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

மூன்றாவது: "காலைல எங்க ஆரம்பிக்கலாம்?" கடற்கரைக் கோயில் என்று பதில் வர வேண்டும். "நீங்க எப்ப வேணா வாங்க சார், ஒரு மணி நேரத்துல காட்டிடலாம்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்பதை நிரூபணமான செய்திபோலச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பழைய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோபுர ஊர் என்று அழைத்தது உண்மை. 2004 சுனாமிக்குப் பின் நடந்த ஆய்வுகளில் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் செங்கல் அடித்தளத்தோடு பழைய முருகன் கோயில் வெளிப்பட்டதும் உண்மை. ஆறு கோயில் கணக்கு மட்டும் கதை. கதையைக் கதையாகச் சொன்னால் குற்றமில்லை, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

கட்டணம்: தொகையைவிட நேரக் கணக்கு முக்கியம்

இந்தத் தொழிலில் அரை நாள் என்றால் நான்கு மணி நேரம், முழு நாள் என்றால் எட்டு மணி நேரம். ஆள் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை கூடும். உரிமம் பெற்றவர்கள் 1–5 பேர், 6–14 பேர், 15–40 பேர் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். ஆறாவதாக அத்தையைக் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த படிக்குப் போய்விடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மொழிக்குத் தனித்தொகை உண்டு.

தகராறு வருவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். காலை ஆறுக்குத் தொடங்கினால் எட்டு மணி நேரம் மதியம் இரண்டோடு முடிந்துவிடும். நீங்கள் ரதங்களை மாலை வெயிலில் பார்க்க நினைத்திருப்பீர்கள். அவர் இரண்டு மணிக்கு மேல் கூடுதல் தொகை கேட்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு வேளையாக வர முடியுமா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவார், சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். சென்னையிலிருந்து வருபவருக்கு அந்த இடைவெளியும் வேலை நேரம்தான், கூடவே போக்குவரத்தும் சாப்பாடும் உங்கள் செலவு.

இரண்டு மூன்று பேரிடம் ஒரே விவரத்தைச் சொல்லி மொத்தத் தொகை கேட்டு ஒப்பிடுங்கள். முடிவானதும் இப்படி ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள்:

"ஞாயிறு காலை 6.00, கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுண்டர். பெரியவர்கள் 4, பிள்ளைகள் 1. தமிழ். காலை 6 முதல் 10.30, மாலை 3.15 முதல் 5.30. கடைகளுக்குப் போகவில்லை. எல்லாம் சேர்த்து இத்தனை ரூபாய், மாலை முடிந்ததும் ஜிபே."

முன்பணம் கேட்டால் சிறு தொகை கொடுக்கலாம். முழுவதையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் மாலை 3.15 என்பது நான்காகும், அப்புறம் "தம்பியை அனுப்பறேன்" என்றாகும்.

'கடைகளுக்குப் போகவில்லை' என்ற வரி எதற்கு? கற்சிற்பக் கடைக்குக் கூட்டிப்போனால் வழிகாட்டிக்குக் கமிஷன் கிடைக்கும், அது சிலையின் விலையில் ஏறும். மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்பவர் எங்கே ஈடு கட்டுகிறார் என்பதும் இதுதான். இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வாங்க நல்ல பொருள்தான். மதிய இடைவேளையில் நீங்களாகவே பட்டறைத் தெருவில் நடந்து போய் வாங்குங்கள்.

நுழைவுச்சீட்டு

இதை வழிகாட்டியிடம் விடாதீர்கள். தொல்லியல் துறையின் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். இணையத்தில் எடுத்தால் சற்றுக் குறைவு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். சார்க் நாட்டவருக்கும் இந்தியக் கட்டணம்தான். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் காட்டினால் 40 ரூபாய். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் 600. காலையில் எடுத்த சீட்டுதான் மாலையில் ரதங்களுக்கும் செல்லும், கசக்கி எறிந்துவிடாதீர்கள். கியூஆர் சீட்டு என்றால் படம் எடுத்தே போனில் சார்ஜ் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைய ஓட்டம்

ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில். ஒரு மணி நேரம் போதும். இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். அவசரப்படும் வழிகாட்டி இதைத் தாண்டிப் போய்விடுவார், நிறுத்திக் கேளுங்கள். வடபுறத்தில் மணலுக்குள் புதைந்திருந்து 1990இல் வெளிப்பட்ட வராகமும் குட்டிக் கோயிலும் உண்டு. அலைச் சத்தத்திலும் காற்றிலும் பேச்சு காதில் விழாது. அதனால் உள்ளே போகும் முன்பே மதில் ஓரத்தில் நின்று வரலாற்றைச் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் தேய்ந்த முகங்களை இங்கே பார்த்துவிட்டுப் போனால், குன்றில் குடைந்தவை எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்பது புரியும்.

எட்டு மணி வாக்கில் தபசுப் பாறை. இங்கே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்தால் வழிகாட்டிக்குக் கொடுத்த காசு வீண். முதல் பத்து நிமிடம் அவரைப் பேசவிடாமல் நீங்களே பாருங்கள், பிறகு கேளுங்கள். பெரிய யானையின் காலடியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் கும்பிடுகின்றன. மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் பாருங்கள், அதே நிலை. விலா எலும்பு தெரிய மெலிந்த நிஜத் தவசிக்கும் போலித் தவசிக்கும் ஒரே முத்திரை கொடுத்த சிற்பியின் குறும்பு, இரண்டையும் மாறி மாறிக் காட்டினால்தான் பிடிபடும். இடப்புறம் கீழே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பாறை சாலையை ஒட்டியே இருப்பதால் ஒன்பதரைக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்து பேச்சை விழுங்கிவிடும்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம்: கோவர்த்தனம் தூக்கும் காட்சியில் பசுவைக் கறப்பவரைத் தேடுங்கள், கன்றை நக்கியபடி நிற்கிறது பசு. பின்பு குன்றின்மேல் நடந்து மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் துர்க்கை வில்லோடு பாய்கிறாள், எதிர்ச்சுவரில் அனந்தசயனம், அதாவது பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க வைப்பவரே தேர்ந்த வழிகாட்டி. முட்டிவலி உள்ளவர்கள் கீழே மர நிழலில் உட்காரலாம், பாறையில் வெட்டிய படிகள் சீராக இருக்காது. ஆதிவராகக் குகை வழிபாட்டில் உள்ள கோயில். பூஜை நேரம் தவிரப் பூட்டியிருக்கும். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பல்லவ மன்னர்களாக அடையாளம் காணப்படும் அரச உருவங்கள் அங்கேதான் உள்ளன, எப்போது திறப்பார்கள் என்று முந்தின நாளே வழிகாட்டியை விசாரிக்கச் சொல்லுங்கள். சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறையான வெண்ணெய் உருண்டைக்குப் பத்து நிமிடம். அதைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுக்க வழிகாட்டி தேவையில்லை.

பத்தரைக்கு அவரை அனுப்பிவிடுங்கள். பதினொன்றுக்குமேல் கருங்கல் தகிக்கும்.

மாலை 3.15க்கு வராக மண்டபத்தில் தொடங்குங்கள். அது மேற்குப் பார்த்தது, அப்போதுதான் உள்ளே வெளிச்சம் போகும். நான்கு மணிக்கு ரதங்கள், ஆட்டோவில் போய்விடலாம். வடக்கிலிருந்து நுழைந்ததும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறமும் அதன் அருகே நிற்கும் கல் யானையின் பின்புறமும் ஒருசேரத் தெரியும் இடத்தில் உங்களை நிறுத்த வேண்டும். கோயிலின் பின்பாகமும் யானையின் முதுகும் ஒரே வளைவு. தூங்கானை மாடம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடத்திலும் கிடையாது. பீம ரதத்தின் அடிப்பகுதி செதுக்கி முடிக்காமல் நிற்பதைக் காட்டி, மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த முறையை விளக்கச் சொல்லுங்கள். தர்மராஜ ரதத்தில் அரசனின் பட்டப்பெயர்கள் பல்லவ எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. எங்கே என்று கைகாட்டத் தெரிந்தவர் என்றால் சன்மானம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஐந்தரைக்குக் கணக்கை முடித்து அவரை அனுப்பிவிட்டு, ஆறு மணிக்குக் காவலர் வெளியேற்றும்வரை மீதி அரை மணி நேரம் நீங்களாக ஒரு சுற்று வாருங்கள். சாய்ந்த வெயில் நான்கு ரதங்களின் முகப்பிலும் அப்போது நேராக விழும்.